ரெண்டு வரியிலும் எங்கண்ணன்

ஏனுங்க, அது கம்ப்யூட்டர்ப் பைதானுங்களே? தலைய ஆட்டுனாப் போதுமுங்க, வாய் நோகப் பேச வேண்டாம். சித்தெ அக்கட்டால நகருங்க. ஆங். நான் காங்கயத்துல எறங்கறவன். நீங்க கரூரா? அப்பச் சரி. நான் எறங்கற வரைக்கும் உங்களுக்கு எங்கயும் போக வழியில்ல.

கோவிச்சுக்காதீங்க. உங்க தொழில்காரங்க மேல எனக்கு ஒரு பிராது இருக்குதுங்க. எனக்கு வர வேண்டிய பொண்ணு எங்கண்ணனுக்குப் போயிருச்சு. ஆரு காரணம்? எங்கண்ணன் இல்ல. பொண்ணு இல்ல. ஜாதகமும் இல்ல. வியூ. ஆமாங்க, வியூவேதான். நீங்க முழிக்கறதப் பாத்தா உங்களுக்கு அதத் தெரியும்போல இருக்குதே.

எனக்குத் தெரியாதுங்க. மொதல்ல எங்கிட்டச் சொன்னவங்க, ‘பூபதி, உனக்கு வியூல ப்ராப்ளமாமா’ன்னாங்க. என்ற மொவரையத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். கண்ணாடியில போயிப் பாத்தேன். மொவரை எப்பவும் இருக்கற மாதிரிதான் இருந்துச்சு.

சொல்றேன், மொதல்ல இருந்து சொல்றேன். பேரு பூபதி. மைக் ஆட்டோ. காங்கயம் பக்கம் போனீங்கன்னா கேட்டிருப்பீங்க, மெத்தைக் கண்காட்சி, பாத்திரக்கடை தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், எல்லாம் நம்ம குரல்தான். மத்தவங்க ரெக்கார்டு போட்டுட்டுத் தூங்கிட்டு ஓட்டுவாங்க. நான் ஓட்டீட்டே பேசுவனுங்க. ஒரு குரல்ல பேச மாட்டேன். பெருசு, பொடுசு, பொம்பள, போலீசு, எல்லாம் வரும். படிச்சது கம்மிதான். ஆனா ஒருத்தரு ரெண்டு வார்த்த பேசுனாப் போதும், மூணாவது வார்த்தய அவுங்களுக்கு முன்னால நான் சொல்லிப்போடுவேன். இது சாமி குடுத்தது, நம்ம கையில இல்ல.

எங்கண்ணன் பேரு துரைசாமி. கோழிப்பண்ணை வெச்சிருக்கறான். நல்லவனுங்க. ஒரே கொறை, பேச மாட்டான். நான் சொல்லலீங்க, ஊரே சொல்லும்.

எங்க பக்கத்துல கண்ணாலத்துக்குப் பொண்ணு கெடைக்கறது எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். முப்பத்தஞ்சு தாண்டுன பசங்க ஊருக்கு ஒரு கிரிக்கெட் டீமு வெக்கற அளவுக்கு இருக்கறாங்க. எங்கூட்லயே ரெண்டு பேட்ஸ்மேன். அண்ணனுக்கு முடிச்சுட்டுத்தான் தம்பிக்குன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு எங்கம்மா முடிவு பண்ணி, ‘ஆருக்கு மொதல்ல அமையுதோ அமையட்டும், போங்கடா’ன்னு ஒரே நாள்ல ரெண்டு பேரையும் தகவல் மையத்துக்குத் தொரத்தி உட்டுருச்சு.

பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால சௌந்தரம் அக்கா வெச்சிருக்குதுங்க, கண்ணாலத் தகவல் மையம். முந்தியெல்லாம் போட்டோவ ஆல்பத்துல ஒட்டி வெச்சிருக்கும். இப்ப கம்ப்யூட்டர். பொண்ணு ஊட்டுக்காரங்க போனுக்கே லிஸ்ட்டு போயிரும். அக்கா கேட்டுச்சு, ‘போன் நம்பர் சொல்லுங்க சாமி’ன்னு. ரெண்டு பேருக்கும் எங்கம்மா நம்பரக் குடுத்தோம். எங்கண்ணன் போனத் தீவன மூட்டை மேல வெச்சுட்டு மறந்துருவான். என் போன் எப்பவும் பிஸியாவே இருக்கும், பேசறது நான்தான். எங்கம்மாதான் ஒத்த ரிங்குல எடுக்கும். எங்க பக்கம் எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்களே? காஸ் சிலிண்டருக்கும் அதே நம்பரு, ரேசனுக்கும் அதே நம்பரு, பசங்க பள்ளிக்கூடத்துக்கும் அதே நம்பரு. ஊட்டுக்கு ஒரு நம்பரு. இதுல என்ன தப்புங்க?

என்னமோ சொல்ல வந்தீங்களே? இருங்க இருங்க, தப்பு எங்கன்னு நானே சொல்றேன்.

அப்பறம் எடம் வர ஆரம்பிச்சுது. வந்தவங்க எல்லாரும் எங்கண்ணனக் கேட்டே வந்தாங்க. ஒருத்தராச்சும் ‘மைக் ஆட்டோக்காரரு எங்கீங்க’ன்னு கேக்கோணுமே? இல்ல. நான் என்ன பண்ணுனேன்? பொறாமப்பட்டனா? இல்லீங்க. ஒத்தாசை பண்ணுனேன். வர்றவங்களுக்கு முறுக்கு வெக்கறது, காப்பி குடுக்கறது, எங்கண்ணனுக்காகப் பேசறது எல்லாம் நான்தான்.

வெள்ளகோயில்ல இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. மூக்குலயே பேசுவாரு. ‘ம்ம்ங், மாப்ளே, பண்ணையில நோவு கீவு எதும் வர்றதுங்களா?’ எங்கண்ணன் வாயத் தொறந்தான். ‘அது வந்துங்க…’ன்னான். அவன் ‘அது வந்துங்க’ன்னு ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள கோழி முட்டை வெச்சுக் குஞ்சே பொரிச்சுப்போடுமுங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரைகள எத்தன நேரம் காக்க வெக்கறது? நானே சொல்லிப்போட்டேன். அதுவும் என் குரல்ல சொன்னா நல்லா இருக்காதுன்னு எங்கண்ணன் குரல்லயே சொன்னேன். தணிவா, தொண்டையில கம்பளி சுத்துன மாதிரி, ‘நோவெல்லாம் வராதுங்க, ஊசி போட்டுர்றமுங்க’ன்னு. மாப்பிள்ளை பேசுன மாதிரி ஆச்சில்லீங்களா? அதோட உடல. அந்தப் பெரியவரு மூக்குல கேட்டதையும் ஒருக்கா அப்படியே பேசிக் காட்டுனேன். கூட வந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. ‘ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க’ன்னு போனாரு. இன்னும் கலந்துட்டே இருக்கறாரு.

இப்படியே ஒவ்வொண்ணும் தட்டிப் போச்சு. அப்பறம் சௌந்தரம் அக்கா எங்கம்மாகிட்டச் சொல்லுச்சாமா, ‘பையன் வாயே தொறக்க மாட்டீங்கறானாமே’ன்னு. நான் எங்கண்ணன உக்கார வெச்சுப் புத்தி சொன்னனுங்க. ‘பேசுண்ணா, வர்றவங்ககிட்டப் பேசு’ன்னேன். ‘இல்ல பூபதி, நான் என்ன சொல்றேன்னா…’ன்னான். ‘நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்ணா’ன்னேன். தெரியுமுங்க. கூடப் பொறந்தவன்.

இப்ப நவமணி. அதாங்க பொண்ணு.

காங்கயத்துக்கு வெளிய ஒரு தேங்காயெண்ணெ மில்லு இருக்குது. வாசல்லயே எடைமேடை. லாரிய ஏத்தி எடை போட்டுச் சீட்டுக் குடுக்கற ரூம்ல அந்தப் புள்ள வேல பாக்குது. ஒரு நாள் மெத்தைக் கண்காட்சிக்கு விளம்பரம் போட்டுட்டு அந்த வழியாப் போறேன். மாமியாளும் மருமகளும் மெத்தைக்குச் சண்டை போடற மாதிரி நம்ம சொந்த ஐட்டம். மாமியா, ‘எனக்கு இடுப்பு நோவுது, இலவம்பஞ்சுதான் வேணும்!’ மருமக, ‘உங்க இடுப்புக்குத் தரையே போதும் அத்தை!’ அந்தப் புள்ள சன்னல்ல இருந்து எட்டிப் பாத்து, ‘மாமியா நல்லா இருக்குதுங்க. மருமகதான் ஆம்பளையாட்டப் பேசறா’ன்னுச்சு. சொல்லிப்போட்டு ‘ஹ’ன்னு ஒரு சிரிப்பு. ஒரே ஒரு ‘ஹ’.

எனக்கு அங்கயே ஆயிருச்சுங்க. சிரிக்கறவங்க ஊரெல்லாம் இருக்கறாங்க. குத்தம் கண்டுபுடிச்சுட்டுச் சிரிக்கறது ஆரு?

அதுக்கப்பறம் தெனமும் அந்த ரோட்டுலதான் வண்டி. அந்தப் பக்கம் ஊரே கெடையாது, மில்லுக்கு அக்கட்டால சுடுகாடுதான். ஒரு மாசம் சுடுகாட்டுக்கு மெத்தை விளம்பரம் போச்சு. பொழுதோட பண்ணைக்குப் போயி எங்கண்ணன்கிட்டச் சொல்லுவேன். இன்னைக்கு நவமணி சன்னலத் தொறந்துச்சு, இன்னைக்குத் தொறக்கல, இன்னைக்கு ‘ஹ’ வந்துச்சு, இப்படி. அவன் கோழிக்குத் தண்ணி வெச்சுட்டே கேட்டுக்குவான். ‘ம்’முன்னு கூடச் சொல்ல மாட்டான். ஆனா எந்திரிச்சும் போக மாட்டான்.

அப்பத்தான் சௌந்தரம் அக்கா சொல்லுச்சு, நவமணியும் மையத்துல பதிஞ்சிருக்குதுன்னு. நான் அக்காகிட்டக் கையெடுத்துக் கும்புட்டேன். ‘அக்கா, எங்க லிஸ்ட்ட அவுங்களுக்கு அனுப்பிரு’ன்னேன். அக்கா அங்கயே பட்டன அமுக்கிருச்சு.

அப்பா இல்லாத புள்ள, எல்லாம் அவுங்க மாமன்தான். லாரி ஓட்டுனவரு. டீசல் இஞ்சினுக்குப் பக்கத்துல நின்னு பேசறாப்பலயேதான் எப்பவும் பேசுவாரு. எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, ‘ஞாயித்துக்கெழமை வர்றமுங்க! புள்ளையும் ஊட்டப் பாக்கோணும்ங்குது! கூட்டியாறேன்!’ன்னாரு. பக்கத்தூட்டு நாயி எந்திரிச்சுக்கிச்சு.

நான் புதுச் சட்ட எடுத்தனுங்க. எங்கண்ணன் பண்ணையில போட்ட சட்டையோடயே வந்து உக்காந்தான். என்னப் பாக்கத்தானே வர்றாங்க, அவன் எப்படி இருந்தா என்னன்னு உட்டுட்டேன்.

வந்தாங்க. உக்காந்தாங்க. மாமன் காப்பியக் கையில வாங்கிட்டு, போன எடுத்து எங்கம்மா முன்னால நீட்டுனாரு. ‘ஏனுங்க, லிஸ்ட்டுல உங்க பையனயே ரெண்டு எடத்துல போட்டிருக்குதே! மேல இருக்கறது புடிக்கலீன்னா கீழ இருக்கறதப் பாத்துக்கலாம்னுங்களா!’

நான் எட்டிப் பாத்தேன். மேல எங்கண்ணன். துரைசாமி, கோழிப்பண்ணை, சுவாதி நட்சத்திரம். கீழயும் எங்கண்ணன். துரைசாமி, கோழிப்பண்ணை, சுவாதி நட்சத்திரம். அதே போட்டோ. அதே மொறைப்பு.

‘நான் எங்கீங்க?’ன்னேன்.

மாமன் என்ன ஏற எறங்கப் பாத்தாரு. ‘நீங்க இங்கதானே தம்பி நிக்கறீங்க!’ன்னாரு.

அப்பத்தான் புரிஞ்சுது, அவுங்க என்னப் பாக்க வரல. நான் லிஸ்ட்டுலயே இல்ல. அப்பவும் நான் என்ன பண்ணுனேன்? வேலையப் பாத்தேன். மாமன் எங்கண்ணன்கிட்ட, ‘பண்ணை எப்படிப் போகுதுங் மாப்ளே!’ன்னு கேட்டாரு. எங்கண்ணன் ‘அது வந்துங்க…’ன்னான். நான் பின்னால இருந்து, கம்பளித் தொண்டையில, ‘ஏதோ போகுதுங்க, சாமி புண்ணியம்’னேன்.

நவமணி எங்கண்ணன் வாயவே பாத்துட்டிருந்துச்சு. ‘ஏனுங் மாமா, இவரு வாய் அசையாமயே பேசறாரே’ன்னுச்சு. மாமன் சிரிச்சாரு பாருங்க, டம்ளர்ல காப்பி தளும்பிருச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்பறம் நவமணி, ‘நான் அவருகூடச் சித்தெ தனியாப் பேசோணுமுங்க’ன்னுச்சு. நான் சட்டைய இழுத்து உட்டுட்டு எந்திரிச்சேன்.

‘உங்களை இல்லீங்க’ன்னுச்சு.

ரெண்டு பேரும் பண்ணை ஷெட்டுப் பக்கம் போனாங்க. நான் மாமனுக்குத் தொணை உக்காந்தேன். அவரு குரலயே அவருக்குப் பேசிக் காட்டுனேன். ‘ஆரு இப்படிக் கத்தறது!’ன்னு கேட்டாரு. அப்ப ஷெட்டுப் பக்கம் இருந்து ஒரு பேச்சுச் சத்தம் வருது. தீவனக்காரரு எவரோ புதுசா வந்துட்டாருன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா ஆருமில்ல. எங்கண்ணன்தான் பேசீட்டிருக்கறான். கோழிச் சத்தத்துல வார்த்த ஒண்ணும் புடிபடல. ஆனா நிறுத்தாமப் பேசறான். கையெல்லாம் ஆட்டறான். அந்தப் புள்ள சிரிக்குது. ‘ஹ’ இல்லீங்க. ‘ஹ’ன்னு தொடங்கி, இடுப்புல கைய வெச்சு, குனிஞ்சு, மூச்சு வாங்கி, மறுக்காச் சிரிக்குது. நான் மைக்குல அத்தன நாளாக் கத்தியும் வராத சிரிப்பு.

ரெண்டு நாள் கழிச்சு எங்கம்மா போனு அடிச்சுது. ஒத்த ரிங்குல எடுத்துச்சு. ‘சம்மதமுங்க!’ நான் வாசல்ல நின்னேன், அங்க வரைக்கும் கேட்டுச்சு.

நான் நேராச் சௌந்தரம் அக்காகிட்டப் போனேன். ‘அக்கா, தப்பு நடந்து போச்சு, இந்தக் கண்ணாலத்த நிறுத்து’ன்னேன். அக்கா பயந்து கோயமுத்தூருக்குப் போன் போட்டுச்சு. ப்ரோக்ராம் எழுதுன புள்ள ரெஹானா. அப்பத்தான் அந்த ‘வியூல ப்ராப்ளம்’. கண்ணாடிக் கதையெல்லாம். அடுத்த பஸ்ஸப் புடிச்சேன்.

சரவணம்பட்டியில, பேக்கரிக்கு மேல மாடியில ஆபீசு. ரெஹானாவுக்கு ஊரு சென்னை, பெரம்பூரு. நல்ல புள்ளைங்க. வேகமாப் பேசும், நடுவுல நடுவுல மூக்குக்கண்ணாடிய மேல தள்ளிக்கும். ‘அண்ணா, பேஸிக்கலி என்னன்னா, டேபிள்னா என்னன்னு தெரியுமா?’ன்னுச்சு.

‘மேசைங்க’ன்னேன்.

‘அது இல்லண்ணா. எல்லாரோட விவரமும் வரி வரியா இருக்கிற இடம். அத அப்படியே வெளிய காட்ட முடியாதில்ல? அட்ரஸ் இருக்கும், சம்பளம் இருக்கும், முன்னாடி எந்தெந்த இடம் தட்டிப்போச்சு, எதனால, எல்லாம் இருக்கும்.’

‘எதனாலங்கறதும் எழுதி வெச்சிருக்குதுங்களா?’ன்னேன்.

‘அதுக்குள்ள போக வேணாம்ணா’ன்னுச்சு. ‘அதனால ஒரு வியூ போடுவோம். ஜன்னல் மாதிரி. ஜன்னலுக்குன்னு சொந்தமா ஒண்ணும் கெடையாது. உள்ள இருக்கிறதுல எது தெரியணுமோ அது மட்டும் தெரியும்.’

சரின்னேன். அப்பறம் நடுவுல ஓஆர்எம்முன்னு ஒண்ணு இருக்குதாமா. டேபிள் பேசற பாஷ ப்ரோக்ராமுக்குத் தெரியாது. ப்ரோக்ராம் பேசற பாஷ டேபிளுக்குத் தெரியாது. இது ரெண்டு பக்கமும் பேசி, சன்னல்ல தெரியற ஒவ்வொரு வரியையும் ஒரு ஆளாக் கூட்டியாந்து ப்ரோக்ராம் முன்னால நிறுத்துமாமா.

‘தரகருங்களா?’ன்னேன்.

ரெஹானா கண்ணாடிய மேல தள்ளிட்டு ரோசனை பண்ணுச்சு. ‘ஆமாண்ணா. தரகர்தான்’னுச்சு. எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சுங்க, தப்பு எங்க நடந்திருக்கும்னு.

அந்தத் தரகருக்கு ஆள அடையாளம் தெரியோணுமில்ல? மொவரையப் பாக்க மாட்டானாமா. ஒரு கீ வேணுமாமா, சாவி. டேபிள்ல ஆளுக்கொரு வரிசை நம்பரு இருக்குது. ஆனா அந்த நம்பரு வெளிய வேண்டாம்னு இந்தப் புள்ள சன்னல்ல உடல. தரகரோ சாவி இல்லாம வேல செய்ய மாட்டேன்னு நிக்கறான். ‘சரி, போன் நம்பரையே சாவியா வெச்சுக்கோ’ன்னு சொல்லிருச்சு.

‘ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கும்னு நெனச்சிட்டேண்ணா’ன்னுச்சு.

‘உங்கூட்ல எத்தன போனுங்க?’ன்னேன்.

‘ஆளுக்கு ஒண்ணு. அத்தாவுக்கு மட்டும் ரெண்டு.’

‘எங்கூட்ல எங்கம்மாதானுங்க போனு’ன்னேன். தலையில கைய வெச்சுக்கிச்சு.

நடந்தது இதானுங்க. தரகரு மொதல் வரியப் பாக்கறான். எங்கம்மா நம்பரு. எங்கண்ணனக் கூட்டியாந்து நிறுத்தறான். ரெண்டாவது வரியப் பாக்கறான். அதே நம்பரு. ‘அட, இவரத்தான் இப்பப் பாத்தமே’ங்கறான். என்ற பேரப் பாக்கல, போட்டோவப் பாக்கல, ஒண்ணும் பாக்கல. எங்கண்ணனயே மறுக்காக் கூட்டியாந்து நிறுத்திப்போடறான்.

‘இத அந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணும் கேக்காதுங்களா?’ன்னேன். கேக்குமாமா, கண்டமேனிக்குக் கேக்குமாமா. சி ஷார்ப்புன்னு ஒண்ணுல எழுதுனதாமா. ஓடறதுக்கு முன்னாலயே எழுதுனது பூராத்தையும் படிச்சுப் பாத்து கம்பைல் பண்ணுமாமா. ஒரு எழுத்து மாறியிருந்தாச் செகப்புக் கோடு போட்டுக் கத்திப்போடுமாமா. ‘ஆளே மாறியிருந்தா?’ன்னேன். ‘அது… அதுக்குத் தெரியாதுண்ணா’ன்னுச்சு. பாருங்க, எழுத்து மாறுனாக் கத்துது. நான் மாறுனாக் கம்முனு இருக்குது.

பொறவு ஒண்ணு காமிச்சுச்சு. மைக் விளம்பரம்னு போட்டுத் தேடுச்சு. டக்குனு வந்தேன். நானே, என்ற போட்டோவோட. அப்பறம் காங்கயம்னு போட்டுத் தேடுச்சு. எங்கண்ணன், எங்கண்ணன். அதாவதுங்க, தனியாத் தேடுனா நான் இருக்கறேன். எங்கண்ணனோட சேந்து தேடுனா நான் இல்ல, அவன் ரெண்டாயிர்றான். இத எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒருத்தன் பக்கத்துல நின்னான்னா இன்னொருத்தன் காணாமப் போயிர்றது? மனுசங்ககிட்ட இப்படியெல்லாம் நடக்காதுங்க. கம்ப்யூட்டர்லதான் நடக்கும்.

நீங்க சொல்லுங்க, நடக்குமா? இருங்க, கண்டக்டரு டிக்கெட் டிக்கெட்னு கத்தறாரு. ‘டிக்கேட்டேய், பல்லடம் எல்லாம் எறங்கு!’ பாத்தீங்களா, அவரே திரும்பிப் பாக்கறாரு. நீங்க என்ன சொல்ல வந்தீங்க? சரி உடுங்க.

நான் ரெஹானாகிட்ட, ‘அந்தச் சன்னல்லயே கீழ இருக்கற போட்டோவ உரிச்சுட்டு என்னுத ஒட்டிருங்க’ன்னேன். ‘இந்த வியூவுல பாக்கத்தான் முடியும்ணா, மாத்த முடியாது. அதுவுமில்லாம டேபிள்ல உங்க போட்டோ சரியாத்தான் இருக்கு’ன்னுச்சு. சரி, பொண்ணு பாக்கப் போற மாதிரி, கண்ணுல பாக்கலாம், கைய வெக்கக் கூடாது. வரிசை நம்பரச் சன்னல்ல தெரியற மாதிரி உட்டுச்சு. தரகர்கிட்ட இனிமே இதுதான் சாவின்னு சொல்லுச்சு. மறுக்காக் கம்பைல் பண்ணுச்சு. கீழ இருந்து டீயும் தேங்கா பன்னும் வந்துச்சு, பன்னத் தின்னு முடிக்கல, வேல முடிஞ்சுது. மேல எங்கண்ணன். கீழ நான். போட்டோவுல வாயத் தொறந்துட்டு இருந்தேன். எடுக்கறப்பவும் பேசிட்டு இருந்திருப்பேனாட்ட இருக்குது.

‘சாரிண்ணா’ன்னுச்சு. நான் சொன்னேன், ‘சாரி எனக்கு வேண்டாமுங்க. நவமணிக்குப் போன் பண்ணி, தப்பு உங்க மேலன்னு நீங்களே சொல்லோணும்.’ அந்தப் புள்ள கண்ணாடிய மேல தள்ளிக்கிச்சு. அப்பறம் போட்டுச்சு. ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

ரெஹானா நீட்டாப் பேசுச்சுங்க. ‘மேடம், லிஸ்ட்டுல ரெண்டாவது ஆள் வேற ஒருத்தர், எங்க தப்பு, அவர் தம்பி பூபதி.’

‘தெரியுமுங்க’ன்னுச்சு நவமணி. பின்னால லாரி ஹாரன் அடிக்குது. ‘ஷெட்டுக்குப் போனதும் அவரு மொதல்ல அதத்தானுங்க சொன்னாரு. இது எந்தம்பிக்கு வந்த எடம், போட்டோ மாறிப் போச்சாட்டத் தெரியுது, உங்களப் பத்தி அவன் பேசாத நாளில்ல, நீங்க அவனப் பாருங்கன்னு. தம்பியப் பத்தியேதான் சொல்லிட்டிருந்தாரு. எப்படி மெத்தை விளம்பரம் பண்ணுவாரு, எப்படி மில்லுக்கு வருவாரு, எல்லாம். நாந்தானுங்க கேட்டேன், உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலியேன்னு.’

‘அப்புறம்?’னு கேட்டுச்சு ரெஹானா. அதுக்கு எதுக்கு அந்த அப்புறம்?

‘அப்பறம் சொன்னாருங்க’ன்னு நவமணி சிரிச்சுது. அந்த இடுப்புல கை வெக்கற சிரிப்பு. போன்ல கை தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. ‘ஏனுங்க, அவரு தம்பி அங்க பக்கத்துல இருக்கறாருங்களா?’

ரெஹானா என்னப் பாக்குது. நான் போனுக்குக் கிட்டப் போயி, கம்பளித் தொண்டையில, எங்கண்ணன் குரல்ல, ‘இல்லீங்க, அவன் வரலீங்க’ன்னேன்.

அங்க ஒரு லாரி எடைமேடை மேல ஏறுற சத்தம்.

‘அவரு கொரலு அப்படி இல்லீங்க’ன்னுச்சு நவமணி. கோவமாச் சொல்லல. லாரி எடையச் சொல்ற மாதிரிச் சொல்லுச்சு. அப்பறம் வெச்சிருச்சு.

ரெஹானா எனக்கு இன்னொரு பன் சொல்லுச்சு. வேண்டாம்னுட்டேன். அப்பறம் தின்னேன்.

பாத்தீங்களா, எங்கண்ணனே ஒத்துக்கிட்டான், அது எனக்கு வந்த எடம்னு. சாட்சி இருக்குது. பொண்ணே சொல்லுது. அப்பறம் என்ன? சாவி மட்டும் சரியா இருந்திருந்தா அன்னைக்கு ஷெட்டுக்கு நாந்தான் போயிருப்பேன். நான் போயிருந்தா எத்தன பேசியிருப்பேன், நெனச்சுப் பாருங்க.

வர்ற தையில கண்ணாலமுங்க. இன்னைக்குக் கோயமுத்தூரு போனதே ரெஹானாவுக்குப் பத்திரிகை வெக்கத்தான். எங்கண்ணன்தான், ‘அந்தப் புள்ளைக்கு வெச்சிரு பூபதி’ன்னான். இப்பெல்லாம் பேசறானுங்க. சாப்பாட்டுல உப்பு இல்லீன்னு சொல்றான். மழை வரும்போல இருக்குதுங்கறான். எங்கம்மாகிட்ட உக்காந்து கோழி வெல எறங்குன கதையச் சொல்றான், எங்கம்மா வாயப் பொத்திட்டுச் சிரிக்குது. நான் உள்ள போனா நிறுத்திப்போடறான். எனக்குப் பேச எடம் உடறான், பாருங்க, அத்தன மரியாதை.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க ஆறல. அன்னைக்கு ஷெட்டுல அந்தப் புள்ள அப்படிக் குனிஞ்சு சிரிச்சுதே, என்ன சொன்னான்? கேட்டனுங்க. ‘அப்படி என்னண்ணா சொன்னே?’ன்னு. தண்ணி வெச்சுட்டே, ‘ஒண்ணுமில்ல பூபதி’ன்னான். நவமணிகிட்டக் கேட்டேன். ‘ஒண்ணுமில்லீங்க கொழுந்தனாரே’ன்னுச்சு. மாமன்கிட்டக் கேட்டேன், ‘எனக்கென்ன தெரியும்!’ன்னாரு. தெனமும் ஷெட்டுல போயி அவுங்க நின்ன எடத்துல நின்னு பாக்கறேன். கோழிதான் கத்துது.

காங்கயம் வந்துருச்சாட்ட இருக்குது. எந்திரிங்க, பைய எடுத்துக்கறேன். இல்லையில்ல, இது உங்க பை. நீங்க கரூரு. பாருங்க, இத்தன நேரமா ஒரு வார்த்த பேசல நீங்க. உங்களுக்கும் ஊட்ல பொண்ணு பாக்கறாங்கன்னா பேசிப் பழகுங்க.

அவன் என்ன சொன்னான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க. அதயே அவன விட நான் நல்லாச் சொல்லுவேன்.